பேஸ்பால்காரர் என் தங்கைக்கு அண்ணனான கதை

1

எனக்கு ஒரு நல்ல மனிதரைப் பிடிக்காது. காரணம் நியாயமானது. நான் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போதே அவர் என் தங்கைக்கு அண்ணனாகிவிட்டார்.

ஆள், நான் பிழைக்கப் போன அமெரிக்க நகரத்தில் தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர். பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு, ‘எவ்வளவு தங்கமான மனுசன்’ என்று எனக்கே செய்தி அனுப்புவீர்கள். அந்த வேலையை என் தங்கை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள்.

முதலில் என்னைப் பற்றி. முகையூர் பக்கத்து ஆள். படித்தது விழுப்புரம். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருளைச் சோதித்து அதில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடிப்பது தொழிலால் வந்த வியாதி என்று என் மனைவி சுமதி சொல்கிறாள். பிறவியிலேயே உண்டு என்பது என் தங்கை மலரின் கருத்து.

மலர் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது நான் ஒருத்தன்தான். கல்யாணமாகி ரொம்ப நாள் கோயில் குளம் சுற்றிய பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள், யாழினி. அந்தப் பிள்ளையை நான் போனில்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு விசா காரணம். விசாவைப் பிறகு திட்டுகிறேன், அதற்கென்று தனி இடம் வைத்திருக்கிறேன்.

யாழினிக்குக் காது குத்த வேண்டும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவேன் என்று மலர் ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு வயதில் மாமன் வரவில்லை. மூன்றிலும் வரவில்லை. இந்தத் தையில் ஐந்து நடக்கிறது, இதையும் விட்டால் பிள்ளை கம்மல் இல்லாமலே கல்லூரிக்குப் போகும் என்று அவள் மாமியார் வீட்டில் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சமயம் பார்த்துத்தான் பேஸ்பால்காரர் உள்ளே வந்தார்.

2

பேஸ்பால் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை. ஒருத்தர் எறிவார், ஒருத்தர் கம்பை வைத்துக்கொண்டு அடிக்காமல் நிற்பார். நடுவில் எல்லோரும் துப்புவார்கள். விழுப்புரம் ஜங்ஷனில் ஏன் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாமல் ரயில் நிற்குமே, அதுபோல ஆட்டம் நின்று நின்று போகும். ஜனங்கள் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தோலைக் காலடியிலேயே போடுவார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் எனக்கு அந்த விளையாட்டு மேல் மரியாதை.

என் மகன் கவினுக்கோ அதுதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். தமிழில் பேசச் சொன்னால் பல்லைப் பிடுங்கியதுபோல் முகத்தை வைத்துக்கொள்வான். அத்தையிடம் போனில், “எப்படி இருக்கிற நீ, அத்தை” என்பான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஆனால் அவன் எந்த ஆட்டக்காரர் எந்த வருஷம் எங்கே அடித்தார் என்பதை மாரியாத்தா வந்தவன் மாதிரி நிறுத்தாமல் சொல்வான். அமெரிக்கர்கள் ஊருக்கு மனசால் அவன் போய்க்கொண்டிருக்கிறான், எங்கள் ஊருக்கு வரவே இல்லை. இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சிரித்துக்கொண்டே சொன்னாலும் கஷ்டம்தான்.

நம்முடைய நல்ல மனிதர் இவன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். விளையாட வசதியில்லாத பள்ளிகளுக்கு மட்டை, பந்து கொடுப்பது, கழிப்பறை கட்டித் தருவது, மற்ற நாளில் ஏழைகளுக்குச் சோறு பரிமாறுவது. விளம்பரத்துக்காக என்று நான் முதலில் சந்தேகப்பட்டேன். விசாரித்தேன். அப்படி இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பிள்ளைகளிடம் அவர், உங்கள் அப்பா அம்மா விளையாடிய மைதானம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார். கவின் என் போனிலிருந்து சுட்ட ஒரு படத்தைக் காட்டியிருக்கிறான். நான் படித்த அரசுப் பள்ளி மைதானம். மைதானம் முழுக்க மல்லாட்டை காய்கிறது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாராம். “நாங்கள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு இதைத் தின்கிறோம், அங்கே இது காய்வதால் ஆட்டமே இல்லையா” என்று கேட்டாராம். அறுவடைக் காலத்தில் மட்டும்தான் அப்படி என்று சொல்ல அங்கே நான் இல்லை.

3

அப்படியாக எங்கள் ஊர்ப் பள்ளிக்கு மட்டை, பந்து, கையுறை எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தன. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் கட்டுவதாக ஏற்பாடு. எனக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரே சொந்தம் என்று மலரைத் திண்டிவனத்திலிருந்து விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் போன் தலைமை ஆசிரியரிடமிருந்து வந்தது. குரலில் தயக்கம். பெரிய மனிதர் அனுப்பியது, குறை சொல்லக் கூடாது, ஆனால் கையுறை எல்லாமே இடது கைக்கு மட்டும்தான் இருக்கிறது, வலது கை உறைகளை லாரிக்காரன் வழியில் விற்றுவிட்டான் போலிருக்கிறது, புகார் கொடுக்கலாமா என்றார். ஒரு கையில்தான் மாட்டுவார்கள், இன்னொரு கை எறிவதற்கு என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. இன்றைக்கும் லாரிக்காரன் மேல்தான் சந்தேகம்.

அடுத்தது அவர்கள் செய்த காரியம். நம் பக்கம் அரசுப் பள்ளிக்கு யாராவது பொருள் கொடுத்தால் சும்மா இறக்கிவிட்டுப் போவதில்லை. கல்விச் சீர் என்று ஊர் கூடி, மேளம் வைத்து, தாம்பாளத்தில் ஏந்தி ஊர்வலமாகக் கொண்டு போவார்கள். பேஸ்பால் சாமானும் அப்படியே போனது. வீடியோ பார்த்தேன். மட்டைகளுக்குச் சந்தனம், குங்குமம். கையுறைக்குள் தேங்காய். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்திருந்தது. நல்ல பித்தளைத் தாம்பாளத்தில் பந்துகள், நடுநடுவே லட்டு. எது லட்டு என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். முன்னால் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மலர்.

மைக் பிடித்தவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். சீர் என்றால் அண்ணன் அனுப்புவது, வாங்குகிறவள் தங்கச்சி. தாம்பாளம் ஏந்தி வந்தவள் மலர். ஆகவே கடல் தாண்டி இருக்கும் அந்த அண்ணன், முகையூர் மண்ணின் மகளான தன் தங்கச்சிக்கு அனுப்பிய சீர் இது என்று முழங்கினார். கூட்டம் கைதட்டியது. மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் அவளுக்குப் ‘பேஸ்பால் அண்ணன்’. யாழினிக்குக் ‘கம்பு மாமா’. நான் வெறும் ‘அமெரிக்கா மாமா’. அவர் அமெரிக்காவிலேயே பிறந்தவர், எனக்கு அங்கே கிரீன் கார்டு கூட இல்லை. கொடுமையைப் பாருங்கள்.

4

அந்த ஆண்டு அவருடைய அணி, சமூகத் தொண்டுக்கான கௌரவத்தை அவருக்குக் கொடுத்தது. ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தின் நடுவில் விழா. அவரால் பயனடைந்தவர்கள் சார்பில் சில குடும்பங்கள் வந்து நிற்க வேண்டும் என்றார்கள். எங்கள் குடும்பத்துக்கும் அழைப்பு. கவின் குதித்தான். பயனடைந்தவர் என்று கழுத்தில் அட்டை மாட்டினார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போனவனை இலையில் உட்கார வைத்தது போல் நெளிந்தேன்.

மலர் சும்மா இருப்பாளா? விழுப்புரத்திலிருந்து கிளம்பிய ஒரு நண்பர் மூலம் பொன்னாடை, வெள்ளித் தட்டு, குங்குமச் சிமிழ் அனுப்பியிருந்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய் நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.

மைதான வாசலில் பாதுகாப்புக்காரி என் பையைப் பிரித்தாள். பொன்னாடை ஆபத்தில்லை. வெற்றிலையை முகர்ந்து பார்த்து, என்ன செடி, புகைப்பதா என்றாள். மெல்வது என்றேன். பேஸ்பாலில் மெல்லாதவன் யார், விட்டுவிட்டாள். தேங்காயிடம் வந்தபோது முகம் மாறியது. மேலதிகாரி வந்தார். அவருக்கு மேலதிகாரி வந்தார். இது எறியக்கூடிய பொருள் என்று தீர்ப்பானது. எறிவதையே தொழிலாக வைத்திருப்பவரைப் பாராட்டத்தான் கொண்டு வந்திருக்கிறேன் என்று வாதாடினேன். நிற்கவில்லை. தேங்காய் வாசலிலேயே தங்கியது. அதன் இடத்தில் சுமதி ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்தாள்.

உள்ளே ஒலிபெருக்கி, கைதட்டல், மேலே பெரிய திரை. என் முறை வந்தது. பொன்னாடை போர்த்தினேன், அவர் உயரத்துக்கு எம்பித்தான் போட வேண்டியிருந்தது. தட்டை நீட்டினேன். கவின் அவரிடம் ரகசியமாக, இரண்டு கையாலும் வாங்குங்கள் என்று சொல்லிவைத்திருந்தான். தலை குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். நம் ஊர் மாப்பிள்ளைகளே இவ்வளவு பதவிசாக வாங்குவதில்லை.

கவின் அந்த வீடியோவைத் தன் அத்தைக்கு அனுப்பினான். கூடவே தமிழில் எழுதியிருந்தான்: ‘அவர் தட்டு எடுத்துட்டார்’. வாழ்க்கையில் அவனாக எழுதிய முதல் தமிழ் வாக்கியம். எனக்குச் சந்தோஷப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை.

5

தாம்பூலத் தட்டை ஊர் பார்க்க வாங்கிவிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்தில் மலரின் மாமனார், நாத்தனார் எல்லோரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். பெரிய மனிதர், அத்தனை ஜனத்துக்கு முன்னால் முறையாக வாங்கியிருக்கிறார், தாய்மாமன் முறைக்கு ஒத்துக்கொண்டுவிட்டார் என்று முடிவு.

பத்திரிகை என் போனுக்கு வந்தது. பனமலை ஏரிக்கரைப் பக்கம் அவர்கள் குலதெய்வம் கோயிலில் காதணி விழா. நடுவில், ‘தாய்மாமன்’ என்று போட்டு அவர் பெயர், தொப்பியும் கம்புமாகப் படம். என் பெயர் எங்கே என்று பெரிதாக்கித் தேடினேன். கடைசியில் ‘தங்கள் வருகையை எதிர்நோக்கும்’ என்ற இடத்தில், பந்தல்காரர் பெயருக்கு மேலே இருந்தது.

உடனே போன் போட்டேன். அவர் வருவாரா என்று கேட்டேன்.

மலர் நிதானமாகப் பேசினாள். “வர மாட்டாருண்ணா. எனக்குத் தெரியாதா? ஊருக்காக வீட்ல பேசிக்கினு இருக்காங்க, நானும் ஆமாம்னு சொல்லிக்கினு இருக்கேன்.”

“பின்ன எதுக்குடி அவர் பேரு?”

“வராதவங்க பேருதான் போடணும்னு ஆயிப்போச்சு. அதுல ஏதோ ஒண்ணு செஞ்சவரு பேராப் போட்டுட்டுப் போறேன்.”

நான் விசா என்று ஆரம்பித்தேன். கிரீன் கார்டு வரிசை என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பால் பொங்குது, வச்சிடறேன் என்று வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் திண்டிவனத்தில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள்.

எனக்கு அழுகை வந்தது. கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதுவிட்டு அவரைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

6

இப்போது விசா. நான் அமெரிக்காவில் இருக்கலாம், உழைக்கலாம், வரி கட்டலாம். வெளியே வந்தால், திரும்ப உள்ளே போக, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் புதிதாக விசா முத்திரை வாங்க வேண்டும். அதற்கு நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்துப் போனால், கூடுதல் பரிசீலனை என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினாலும் அனுப்புவார்கள். பரிசீலனை வாரத்திலும் முடியலாம், வருஷத்திலும் முடியலாம். அதற்குள் வேலை இருக்காது. வேலை இல்லாவிட்டால் விசா இருக்காது. விசா இல்லாவிட்டால் மனைவி, மகன், கடன் வாங்கிய வீடு எல்லாம் அந்தரத்தில். போக வேண்டுமா என்று கேட்டதற்கு வக்கீல், போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன் என்றார். இதற்குக் கட்டணம் உண்டு.

சுமதிதான் முடித்துவைத்தாள். வேலை போனால் இன்னொன்று தேடலாம், கூடப் பிறந்தவளை எங்கே போய்த் தேடுவீர்கள், டிக்கெட் போடுங்கள் என்றாள்.

நான் மட்டும் தனியாகக் கிளம்பும் முன் வீட்டுக்கு ஒரு பார்சல். கவின் எப்படியோ அந்த அறக்கட்டளைக்கு விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். நல்ல மனிதர் தன்னால் வர முடியாது என்று மன்னிப்புக் கேட்டு, அந்தக் குழந்தைக்கு என் அன்பு என்று தன்னுடைய சட்டையையும் தொப்பியையும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். நான் என்ன செய்ய முடியும்? என் இடத்தைப் பிடித்தவரின் துணிமணியை மடித்து என் பெட்டியிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

சென்னையில் பயந்தபடியே அந்தத் தாளைக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டார்கள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறி, திண்டிவனத்தில் இறங்கினேன். தெருமுனையில் ஃபிளெக்ஸ். பனைமர உயரத்துக்குப் பேஸ்பால்காரர் கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் முழங்காலுக்குக் கீழே, கைகூப்பிய தலைகளின் நடுவே, என் பழைய கல்லூரிப் படம்.

மலர் வாசலுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். “வாங்க” என்றாள். என்னை, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாங்க என்றாள். வா என்று கூப்பிட்டே பழகிய வாய். தண்ணீர் கொண்டு வந்து, “உக்காருங்க, பிரயாணம் நல்லபடியா இருந்திச்சா” என்று விசாரித்தாள். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

7

கோயிலில் நல்ல வெயில். யாழினிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஆசாரி மரத்தடியில் துணி விரித்துச் சாமானை எடுத்து வைத்தார். தாய்மாமன் வந்து உட்காரலாம் என்றார். கூட்டம் ஒரு நிமிஷம் இங்கும் அங்கும் பார்த்தது. எல்லோருக்கும் பத்திரிகையில் இருக்கும் பேர் தெரியும். மலரின் வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, நல்ல மனுசன், வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மணையில் உட்கார வைத்தார்.

பிள்ளை உட்காரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவரு இல்ல, கம்பு மாமா” என்றாள். மாமாதாம்மா என்றார்கள். இல்லை என்றாள். சாக்லேட் காட்டினேன், வாங்கிக்கொண்டு தள்ளிப் போனாள். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஒருவர், வேறு யாராவது உட்காரட்டும், பேஜாரு வேண்டாம் என்றார். மலர் சாமியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்துவிட்டால் அப்புறம் என்றைக்கும் இந்த வீட்டில் எனக்கு ‘வாங்க’தான் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துபோயிற்று.

மாப்பிள்ளையிடம் பெட்டியை எடுத்து வரச் சொன்னேன். பட்டுவேட்டிக்கு மேலே பேஸ்பால்காரரின் சட்டையை மாட்டினேன். முழங்கால் வரை வந்தது. தொப்பியை வைத்தேன், காதை மூடியது. வாழ்நாளில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைக்கூட முழுசாகப் பார்க்காதவன், அந்த ஆளைத் தினமும் திட்டியவன், அவர் வேஷம் கட்டிக்கொண்டு ஊர் நடுவில் உட்கார்ந்தேன். ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் இரண்டு கையையும் நீட்டினேன்.

யாழினி கிட்டே வந்தாள். சட்டையிலிருந்த எண்ணைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை, ஆனாலும் மடியில் ஏறி உட்கார்ந்தாள். வெதுவெதுவென்று, சந்தன வாசனையோடு, நினைத்ததைவிடக் கனமாக இருந்தாள்.

ஆசாரி ஜல்தியாகக் குத்திவிட்டார். பிள்ளை வீறிட்டது. வீறிட்ட வாயோடு என் முன்கையில் பல்லைப் பதித்துவிட்டது. சும்மா இல்லை, ரத்தம் வருகிற கடி. தொப்பி கீழே விழுந்தது. நான் போட்ட சத்தத்தில் நாலு பேர் ஓடிவந்தார்கள். நாத்தனார், ஐயையோ, வெளியூரிலிருந்து வந்தவரைக் கடித்துவிட்டதே என்று பிள்ளையைப் பிடித்து இழுக்கப் போனார்.

மலர் குறுக்கே கையை நீட்டித் தடுத்தாள்.

“விடுங்க அண்ணி. மாமனத்தான கடிக்கறா. வேற யாரப் போயிக் கடிப்பா?”

சொல்லிவிட்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் என் கையைத் துடைத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

“இன்னொரு காது இருக்குதுண்ணா. கெட்டியாப் புடிச்சிக்க.”

பிடித்துக்கொண்டேன்.